குழியில் ஒரு குட்டு

காலை எட்டு மணிக்கு மகள் ஊசியை உறையிலிருந்து எடுத்தாள். அப்பா கட்டிலில் சாய்ந்து பனியனை மார்புவரை தூக்கிப் பிடித்திருந்தார். முந்தின இரவு இடப்பக்கம், ஆகவே இன்று வலப்பக்கம். தொப்புளிலிருந்து நான்கு விரல் தள்ளி, நீலம் பாரிக்காத இடமாகப் பார்த்துத் துடைத்தாள்.

"உள்ள காத்து இருக்கு பாரு," என்றார் அவர்.

"இருக்கட்டும்ப்பா."

"நாப்பது வருஷத்துல காத்தை வெளியேத்தாம ஒரு பம்பை ஓட்டினதில்ல நான். என் வயித்துலயே நீ ஓட்டிக் காட்டுற."

"இது பம்பு இல்ல. அளந்து அடைச்சு வர மருந்து. குமிழியைத் தள்ளினா கூடவே மருந்தும் போயிடும்."

"சரிங்க இன்ஜினியரம்மா."

தோலை மடித்துப் பிடித்து, ஊசியை நேராக முழுதும் இறக்கி, மெல்ல அழுத்தினாள். பத்து எண்ணி எடுத்த பிறகே மடிப்பை விட்டாள். அவர் கை தன்னால் அந்த இடத்தைத் தேய்க்கப் போயிற்று. தட்டிவிட்டாள். அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த தாளில் நேரத்தையும் பக்கத்தையும் எழுதிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

தெருவுக்கு அவர் பம்புக்காரர். பெயர் சொல்லிக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கே யோசனை வரும். ஓடுகிற மோட்டாரின்மேல் உள்ளங்கையை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். தன் உடம்பில் என்ன தேய்கிறது என்று கேட்டால் மட்டும், "அதுக்கு உத்தரவாத அட்டை தொலைஞ்சு போச்சு," என்பார். மனைவி போன பிறகு வீட்டில் அவரும் மகளும்தான். ஆய்வகக் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று பார்ப்பது மகளின் வேலை. ஒரு துளியில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

இரண்டு மாதத்துக்கு முன் பாதத்தில் குழாய் விழுந்து எலும்பு விரிசல் விட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த மறுவாரம் கெண்டைக்கால் வீங்கிச் சிவந்தது. உள்ளே ரத்தம் உறைந்து கட்டியாக நிற்கிறது, நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் ஆளைக் கொன்றுவிடும் என்றார் டாக்டர். காலையும் இரவும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி. மேலும் உறையக்கூடாது, உறையாத ரத்தம் எங்கும் கசிந்துவிடவும் கூடாது. கத்திமேல் நடக்கிற காரியம். மகள் அதை இம்மி பிசகாமல் நடத்தினாள். பதினெட்டு நாளில் ஒரு வேளைகூடத் தவறவில்லை. பல் துலக்கும்போது ஈறு கசிகிறதா, சிறுநீர் நிறம் மாறுகிறதா என்று தினமும் கேட்டாள். கேள்விகள் எல்லாம் அந்தத் தாளில் இருந்தன. தலையைப் பற்றி ஒன்றும் இல்லை.

அன்று பத்தொன்பதாம் நாள். அவள் பஸ் ஏறியதும் அவர் பட்டறைக்குப் போனார். அங்கே அவருடைய கூட்டாளி. ஆளின் உயரத்துக்கும் ஒடிசலுக்கும் ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்தவர் இவரேதான். பக்கத்துக் குடியிருப்பில் தண்ணீர் ஏறவில்லை, நேற்று முழுக்கப் பிரித்துப் போட்டும் பிடிபடவில்லை என்றார் கூட்டாளி.

"நான் குழிக்குள்ள இறங்க மாட்டேன். மேல நின்னு சொல்றேன்," என்றார் பம்புக்காரர்.

அங்கே போய்க் குழிக்கு மேலே அவர் நின்றது ஐந்து நிமிடம்.

பம்புக் குழியில் நிமிர்ந்து நிற்க இடமிருக்காது. குனிந்தவன் மறந்து எழுந்தால் மேலே போகும் குழாய் மண்டையில் இடிக்கும். இந்தத் தொழிலில் அதற்குக் குட்டு என்று பெயர். வாரம் நாலு விழும். அதை யாரும் அடி என்று எண்ணுவதில்லை. குட்டு வாங்கியவன் மற்றவனுக்கு டீ வாங்கித் தரவேண்டும், அவ்வளவுதான். அன்று வால்வைத் திருகிவிட்டு எழுந்த பம்புக்காரருக்கு விழுந்தது. ரத்தம் வரவில்லை. தேய்த்துக்கொண்டே மேலே வந்து டீ வாங்கிக் கொடுத்தார்.

நாலரை மணிக்குக் கூட்டாளி மகளைப் போனில் கூப்பிட்டார். "அம்மாடி, அப்பாவுக்கு வாந்தி. பேச்சு குழறுது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம், நேரா வந்துடு."

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் கேட்டதற்கெல்லாம் மகள் பதில் சொன்னாள். எந்த மருந்து, எவ்வளவு, கடைசி ஊசி எத்தனை மணிக்கு. எல்லாம் நுனிநாக்கில் இருந்தது.

"கீழே எங்கயாவது விழுந்தாரா?" என்றார் டாக்டர்.

"விழலீங்க," என்றார் கூட்டாளி. அவர் பொய் சொல்லவில்லை.

ஸ்கேன் எடுத்துவிட்டு டாக்டர் திரும்பி வந்தார். மண்டைக்குள் ரத்தம் தேங்கியிருக்கிறது, தலையில் எதுவுமே படவில்லையா என்று மறுபடி கேட்டார். கூட்டாளி சற்று யோசித்தார்.

"குழியில ஒரு குட்டு விழுந்துச்சு. அது தினம் விழறதுதானே."

மருந்தின் வேகத்தைத் தணிக்க வேறொரு ஊசி போட்டார்கள். அது பாதிதான் தணிக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டுக்கொள்கிறவர் தலையில் சின்னதாய் இடித்துக்கொண்டாலும், வலிக்காவிட்டாலும், உடனே அழைத்து வரவேண்டும் என்றும் ஒருவர் சொன்னார். மகள் தலையாட்டினாள். மறுநாள் பகல் பன்னிரண்டுக்கு முன்னால் எல்லாம் முடிந்தது.

ஐந்தாம் நாள் அவருடைய கருவிப் பெட்டியை எடுத்துப் போகப் பட்டறைக்கு வந்தாள். கூட்டாளி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"மத்தியானமே தலை வலிக்குதுன்னார்," என்றார். "என்கிட்ட மாத்திரை இருந்துச்சு, நீட்டினேன். வேணாம்னுட்டார். கேக்காம எதையும் போடக்கூடாதுன்னு பொண்ணு சொல்லியிருக்கா, மருந்துக்கடையில கேட்டுட்டுப் போடறேன்னார்."

"போனாரா?"

"தண்ணி மேல ஏறுறதைப் பாத்துட்டுப் போறேன்னார்."

மருந்துக்கடை எதிர்ச்சாரியில் இருந்தது. ஊசி வாங்கியதும் அங்கேதான். யார் தலைவலி என்று போனாலும் அந்தக் கடைக்கார அம்மாள் மாத்திரையை எடுக்குமுன், எங்கேயாவது இடித்துக்கொண்டீர்களா என்று கேட்பாள். சாலையைக் கடக்க முப்பது அடி இருக்கும். அவர் கடக்கவில்லை.