மேலேயிருந்து வந்த புதினங்கள்

நேற்றுக் காலை களஞ்சிய அறையில் மின்சார லைன் வேலைக்கான புது ரப்பர் கையுறைகள் வந்து இறங்கியிருந்தன. ஒன்றைப் பிரித்ததும் உள்ளே தூவியிருந்த பவுடரின் வாசம் மூக்கில் ஏறியது. குழந்தைக்குப் பூசுகிற பவுடரும் புது ரயரும் கலந்த மாதிரி ஒரு வாசம். கதவில் மின் அத்தியட்சகர் என்று பலகை மாட்டியிருக்கிற மனுசன், அதாவது நான், கையுறைக்குள் மூக்கை விட்டபடி நிற்பதைக் களஞ்சியக்காரர் பார்த்துவிட்டார். பார்க்கட்டும். எனக்குச் சீலனின் ஞாபகம் வந்துவிட்டது.

சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பிய காலத்தில் நானும் சீலனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். முசலிப் பக்கமும் விடத்தல்தீவுப் பக்கமும் கம்பம் நட்டு லைன் இழுத்த நாட்கள் அவை. அவன் தலைமன்னார்க் கடற்கரைப் பெடியன், உயரத்துக்குப் பயமில்லாதவன். எனக்கோ மதில் ஏறினாலே முழங்கால் ஆடும். லைன் வேலைக்கு நல்ல பொருத்தமான ஆள்! ஆகவே அவன் மேலே, நான் கீழே.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது, எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லாதது. மேலே நிற்கிறவன் வாய் மூடக்கூடாது. லைனை நிறுத்திவிட்டுத்தான் ஏறுவோம். ஆனாலும் அப்போது பல வீடுகளில் ஜெனரேட்டர். எவராவது அதைப் பிழையாக இணைத்து இயக்கிவிட்டால், நிறுத்திய லைனிலும் பின்பக்கமாகக் கரண்ட் ஏறிவிடும். கதைத்துக்கொண்டிருப்பவன் உயிரோடு இருக்கிறான் என்பது எங்கள் கணக்கு.

ஆக, சீலன் கம்பத்தில் நின்று ஊர்ப் புதினம் சொல்வான். யார் வீட்டு வேலியில் கருவாடு காய்கிறது, எந்தப் படகு வெறுமையாகத் திரும்புகிறது, கோயில் வளவில் பங்குச்சாமியார் யாரை ஏசுகிறார், எல்லாம். எனக்குக் கலியாணம் ஆகாத காலம். பின்னால் ஒரு வடிவான ஆள் வருகிறது, நல்ல நடை, திரும்பிப் பார்க்காதே என்பான். நான் திரும்பிப் பார்ப்பேன். ஒரு கழுதை நிற்கும். எத்தனை தரம் ஏமாந்தாலும் திரும்பிப் பார்ப்பேன், அது வேறு கதை.

சோளகக் காற்று அடித்த ஒரு நாள், விடத்தல்தீவில் அவன் பேச்சு நின்றது. காற்றுத்தான் குரலைக் கொண்டுபோகிறது என்று நினைத்து அண்ணாந்தேன். கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். பெயர் சொல்லிக் கத்தினேன். பதில் இல்லை. எந்த வீட்டில் ஜெனரேட்டர் ஓடுகிறது என்று காதைக் கொடுத்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. அவனைத் தொட்டால் நானும் போய்விடுவேன் என்பதுகூட அப்போது நினைவில் இல்லை. ஏணியில் ஏறிவிட்டேன். பாதியில் நிற்கும்போது அவன் குனிந்து பார்த்தான்.

"நான் போகப்போறன் மச்சான். கனடாவுக்கு. அக்கா எல்லாம் சரிப்பண்ணிப்போட்டா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்தபடி ஏசினேன். பிறகு அதே ஏணியில் நின்று கெஞ்சினேன். அடுத்த தரத்துக்கான பரீட்சையை இருவரும் சேர்ந்து எழுத இருந்தோம். மன்னாரில் ஒரே வளவுக்குள் இரண்டு வீடு கட்டுவதாகவும் பேச்சு. எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன்.

"அம்மாவும் அங்க போயிட்டா," என்றான். "இங்க எனக்கு ஆர் மச்சான் இருக்கினம்?"

நான் அவன் காலுக்குக் கீழேதான் நின்றிருந்தேன்.

அவன் போனான். பரீட்சையைத் தனியாக எழுதிப் பாஸ் பண்ணினேன். லொறி நிறைய ஆட்களோடு வேலைக்குப் போன எனக்குப் பதவி ஏற ஏற முதலில் மோட்டார் சைக்கிள் வந்தது, பிறகு ஜீப், பிறகு ஏசி போட்ட தனி அறை. மனைவியும் மகளும் படிப்புக்காகக் கொழும்பில். சீலன் நத்தார்ப் பண்டிகைக்குப் போன் எடுப்பான். குளிர் எப்படி, வெயில் எப்படி என்று விசாரிப்போம். இரண்டு ஊர்களின் காலநிலையும் எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். வேறு கதை வருவதில்லை.

ஏணியும் போய்விட்டது. வாளி பூட்டிய லொறி ஆளை நோகாமல் தூக்குகிறது. போன கிழமை தலைமன்னார் வீதியில் வேலை. மூன்று பிள்ளைகளின் தகப்பன் ஒருவர் மேலே போனார். தலைக்கவசம், பாதுகாப்புப் பட்டி, எல்லாம் முறைப்படி. வேலையும் சுத்தம். ஒரு சொல் பேசவில்லை. குறை பிடிக்க ஒன்றுமில்லை, ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை. கையை வாயருகே குவித்து, மேலேயிருந்து பார்க்க என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

அவர் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் கடல் முழுக்கப் படகுகள்.

"லைன் தெரியுது, சேர்."