வெட்டாத குடல்

ஏழாம் வகுப்பில் ஒரு வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடவேளையில், மனிதனின் சிறுகுடல் ஏறக்குறைய ஆறு மீட்டர் நீளம் என்று அறிவியல் டீச்சர் சொன்னார். நான் எழுந்து, அப்படி இருக்க முடியாது என்றேன். திமிரால் சொல்லவில்லை. பாடத்தை முந்தைய நாளே படித்துவிட்டு ஸ்கேலை வயிற்றின்மேல் வைத்துப் பார்த்திருந்தேன். விலா எலும்பு முடிகிற இடத்திலிருந்து இடுப்பு வரை இருபத்து மூன்று சென்டிமீட்டர். அதற்குள் இரைப்பை, கல்லீரல், இரண்டு சிறுநீரகம், பெருங்குடல், காலையில் தின்ற ஐந்து இட்லி. மிச்சம் இருக்கிற இடத்தில் ஆறு மீட்டர் எப்படி அடங்கும்? இதையெல்லாம் வரிசையாகச் சொல்லி முடித்தேன். வகுப்பு சிரித்தது. இட்லி வந்த இடத்தில் டீச்சரும் சிரித்துவிட்டார்.

அவர் கோபக்காரர் அல்ல. புத்தகம் தப்பென்றால் திங்கட்கிழமை நிரூபித்துக் காட்டு, முடியாவிட்டால் எல்லார் முன்னாலும் நின்று தப்பு என்னுடையது என்று சொல், என்றார். மணி அடித்தது. புதுச்சத்திரத்தில் பள்ளிக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருந்த ஒன்றரைக் கிலோமீட்டரை நடந்து முடிப்பதற்குள் வழி தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எருமப்பட்டி பக்கம் மாமாவின் தோட்டத்தில் கருப்பணாருக்குக் கிடாவெட்டு. கிடாயின் வயிறு என் வயிற்றைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். அதன் குடலை அளந்துவிட்டால் விஷயம் தீர்ந்தது.

பொட்டப்பிள்ளை குடலும் கையுமாக நின்றால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று அம்மா கேட்டார். நான் தையல் பெட்டியிலிருந்து டேப்பை மட்டும் கேட்டேன். நூற்றைம்பது சென்டிமீட்டர் டேப். அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் அம்மாவோடு ஏறினேன்.

மாமா வீட்டில் கிடாவெட்டுக்கு ஒரு முறை உண்டு. ஆட்டை உரிப்பவருக்குத் தோல். குடலை அலசுகிறவருக்குச் சிறுகுடல். மற்றதெல்லாம் வீட்டுக்கு. அலசுகிறவர் பாப்பாயி. மாமாவின் தோட்டத்தில் களை வெட்டவும் கடலை பறிக்கவும் வருகிறவர், என் அம்மாவின் வயது. குழந்தைகளான நாங்கள்கூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம். அவர் எங்களைச் சாமி என்றார். அன்று தன் மகளையும் கூட்டி வந்திருந்தார். அவளுக்கு என் வயதுதான். குடலை வீட்டுக்கு எடுத்துப்போக வரும்போதே ஓர் அலுமினியச் சட்டியைக் கொண்டுவந்து, கிணற்று மேட்டில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். வழக்கமாக அன்று மாலை அவர்கள் வீட்டில் குடல் குழம்பு. மற்ற நாட்களில் என்ன சமைப்பார்கள் என்று நான் கேட்டதில்லை.

பத்தரை மணிக்கு வயிற்றுப் பகுதி முழுவதும் ஒரு குண்டானில் கிணற்று மேட்டுத் தொட்டிக்கு வந்தது. இன்னும் சூடாக இருந்தது. பாப்பாயி கத்தியை எடுத்தார். முழத்துக்கு ஒரு துண்டாக வெட்டி, குச்சியில் மாட்டி, உள்புறத்தை வெளியே திருப்பி அலசுவது அவர் வழக்கம். நான் வெட்டக் கூடாது என்றேன்.

"வெட்டாம எப்புடிங்க சாமி அலசறது? உள்ள பூராம் சாணியுங்க."

ஒரு முனையில் தண்ணீர் ஊற்றி மறுமுனையில் எடுக்கச் சொன்னேன். பாப்பாயி மாமாவைப் பார்த்தார். மாமாவுக்குப் பந்திக்கு இலை போதுமா என்ற கவலை. "புள்ள படிப்புக்குக் கேக்குது. அது சொல்றாப்புல செய்யி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குடல் தனியாகக் கிடப்பதில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். மெல்லிய சவ்வு ஒன்று விசிறியைப் போல அதைப் பிடித்து வைத்திருந்தது. விசிறியின் வெளி ஓரம் முழுக்கச் சுருள் சுருளாகக் குடல். கைப்பிடிப் பக்கம் ஒரு சாண்கூட இல்லை. இருபத்து மூன்று சென்டிமீட்டருக்குள் ஆறு மீட்டர் எப்படி அடங்கும் என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. பதில் கிடைத்ததற்காக அளக்காமல் விடுகிறவள் நான் இல்லை.

பாப்பாயி அந்தச் சவ்விலிருந்து குடலைக் கிழியாமல் விரலாலேயே பிரித்தெடுத்தார். மகள் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தாள். செம்பால் ஊற்றிய தண்ணீர் உள்ளே ஒரு உருண்டையாக நின்றது. அதை இரண்டு விரல்களால் நீவி நீவித் தள்ளிக்கொண்டே போக வேண்டும். உயிரோடிருக்கும்போது குடல் இந்த வேலையைத் தன் தசையாலேயே செய்துகொள்கிறது. கையால் செய்ய ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. பாப்பாயி குனிந்த இடுப்பை மூன்று முறை நிமிர்த்தினார். நான் நடுவில் வகுப்பில் நடந்ததைச் சொன்னேன்.

"அஞ்சு இட்டிலியுங்களா?" என்றாள் மகள். "அப்பன்னா உங்குளுக்கு இதுக்கு மேலயே இருக்கோணுங்க."

பாப்பாயி அவளை அதட்டினார். ஆனால் அவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது.

பெருங்குடலை நானே குச்சியால் கீறிப் பார்த்தேன். தொடக்கத்தில் பச்சைக் கூழ். போகப்போகக் கெட்டி. கடைசியில் மணி கோத்ததுபோல் புழுக்கைகள் வரிசையாக நின்றன. கூழிலிருந்த தண்ணீரை உடம்பு வழியிலேயே திரும்ப எடுத்துக்கொள்கிறது என்பதை அதற்குப் பிறகு நான் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

பிறகு அளந்தோம். பாப்பாயி ஒரு முனையில், மகள் மறுமுனையில், நான் டேப்போடு நடுவில். முதல் முறை இருபத்து மூன்று மீட்டர் பத்து சென்டிமீட்டர் வந்தது. மகள் இழுத்துப் பிடித்திருந்ததைக் கவனித்து, இழுக்காமல் தரையில் படுக்க வைத்து இன்னொரு முறை அளந்தேன். பதினான்கு டேப், அதற்குமேல் எண்பது சென்டிமீட்டர். இருபத்தொரு மீட்டர் எண்பது. அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி அடிக்கோடிட்டேன்.

"அளந்தாச்சுங்களே சாமி. இனி வெட்டிக்கலாங்களா?" என்றார் பாப்பாயி. மகள் அதற்குள் சட்டியை நிமிர்த்தி எடுத்து வந்துவிட்டாள்.

வெட்டக் கூடாது, முழுதாகப் பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். எழுதின எண்ணை யாரும் நம்ப வேண்டியதில்லை. குடலைப் பார்த்தால் நம்பித்தான் ஆக வேண்டும். பாப்பாயி கத்தியைக் கீழே வைத்தார். மாமாவிடம் போய்க் கேட்டது நான்தான்.

"எடுத்துட்டுப் போ கண்ணு. ஒரு குடல்ல என்ன வந்துருது" என்றார் மாமா. தாராளமான மனிதர். பாப்பாயிக்குப் பந்தி முடிந்ததும் குழம்பு ஊற்றிக் கொடுக்கும்படி அத்தைக்கும் குரல் கொடுத்தார்.

"செரிங்க சாமி, படிப்புக்குத்தானுங்களே" என்று சொல்லிவிட்டுப் பாப்பாயி குடலை வளையம் வளையமாகச் சுருட்டி, வாழை இலையில் பொதிந்து, தூக்குப்போசியில் வைத்து மூடிக் கொடுத்தார். பந்தி முடிய நான்கு மணி ஆயிற்று. அவர்கள் இருவரும் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள். சட்டியில் அத்தை ஊற்றியது அடிக்குழம்பு. இரண்டு எலும்பு கிடந்ததைப் பார்த்தேன். அவர்களுக்கும் கிடைத்துவிட்டது என்று எனக்கு நிம்மதி.

திரும்பும் பஸ்ஸில் போசியை மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே என்ன என்று கண்டக்டர் கேட்டார், அறிவியல் என்றேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை டீச்சர் குடலைப் பள்ளி வராந்தாவில் நீட்டி வைக்கச் சொன்னார். ஐந்தாம் வகுப்பு வாசலில் தொடங்கி, ஆறாம் வகுப்பைத் தாண்டி, எங்கள் வகுப்பு வாசலுக்கு வந்து இன்னும் மிச்சம் இருந்தது. மூன்று வகுப்புப் பிள்ளைகளும் வெளியே வந்து நின்றார்கள். புல்லும் தழையும் எளிதில் செரிப்பதில்லை, அதனால் ஆட்டுக்கு இவ்வளவு நீளம் வேண்டியிருக்கிறது, சோறு தின்கிற நமக்கு ஆறு மீட்டர் போதும் என்று டீச்சர் விளக்கினார். ஒரு முனையைக் கீறி விரித்துப் பார்க்கச் சொன்னார். உள்சுவர் பூத்துவாலை போலச் சொரசொரப்பாக இருந்தது. சாப்பிட்டதெல்லாம் அந்தச் சொரசொரப்பு வழியாகத்தான் இரத்தத்துக்குப் போகிறதாம். ஆடு வேறு, ஆள் வேறு என்று எனக்கு உறைத்தது. நான் நிரூபித்தது புத்தகத்தின் தப்பை அல்ல. யாரும் கேட்பதற்கு முன்னால் நானே எல்லார் முன்னாலும் நின்று, தப்பு என்னுடையது என்று சொன்னேன். டீச்சர் கை தட்டினார். மூன்று வகுப்பும் தட்டியது. பிறகு பள்ளித் தோட்டத்துப் பப்பாளி மரத்தடியில் குழி தோண்டிக் குடலைப் புதைத்தார்கள்.

பதினைந்து நாள் கழித்து மாமாவின் தோட்டத்துக்குப் போனபோது கடலைக்காட்டில் பாப்பாயியும் மகளும் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நான் வரப்பில் ஓடிப்போய் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். வராந்தாவில் எங்கிருந்து எங்கே வரை என்றதும் மகள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"அப்பறம் அத யாருங்க சாமி கொளம்பு வெச்சாங்க?" என்று கேட்டார் பாப்பாயி.

"யாரும் வெக்கலை. பொதச்சுட்டாங்க."

அவர் கையிலிருந்த செடியின் மண்ணை உதறினார். இன்னொரு முறையும் உதறினார்.

"கெட்டுப் போச்சுங்களா? ரெண்டு கை உப்புப் போட்டுத்தானுங்களே சுத்தி வெச்சேன்."

"கெடவே இல்ல. துளிகூட வாடை அடிக்கல. இத்தன சுத்தமா அலசுன கொடலப் பாத்ததே இல்லைன்னு டீச்சரே சொன்னாங்க."

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து செடியைப் பிடுங்க ஆரம்பித்தாள். பாப்பாயி, "அப்புடிங்களா சாமி" என்றார். அதோடு சரி. அவ்வளவு பெரிய பாராட்டை அவர்கள் சரியாகக் காதில் வாங்கவில்லை போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அதனால், டீச்சரே சொன்னாங்க என்று இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.