கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான்

சின்னத்தில் குறிஞ்சிப் பூ போட மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். கொடைக்கானலில் லாட்ஜ், சாக்லேட் கடை, தைலக் கடை என்று எல்லாப் பலகையிலும் அதுதான் பூத்துக் கிடக்கிறது, நாம் வேறு எதற்கு என்று கேட்டேன். கம்பெனிக்காரர் முகம் சுண்டிப்போனது. பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். ஏழு ரோடு சந்திப்புப் பக்கம் ஒரு பேக்கரி மாடியில் இரண்டு அறை எடுத்திருந்தார். மலையில் எந்த ஊரில் என்ன விளைச்சல் தயாராக இருக்கிறது என்பதை வியாபாரிகள் கம்ப்யூட்டரில் தேடிப் பார்க்க ஒரு தளம் கட்டிக்கொண்டிருந்தார். அதற்கு ஒரு சின்னமும் தேடும் பக்கமும் வரைந்து கொடுப்பது என் சோலி. வாய் பிரித்த சாக்கு ஒன்றை வரைந்தேன். வாங்க வருகிறவர் முதலில் கையை விட்டுப் பார்ப்பது அதற்குள்தானே. கம்பெனிக்காரருக்கு உடனே பிடித்துவிட்டது. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது.

அந்தக் கனத்தோடுதான் தேடும் பக்கத்தை வரைந்தேன். வெள்ளைப் பக்கம், மேலே சாக்கு, நடுவில் ஒரே ஒரு காலிக் கட்டம். இரண்டு வரி விளக்கம் போடலாமே என்றார் கம்பெனிக்காரர். பார்த்தாலே புரியும் என்று அடித்துப் பேசினேன். குழந்தை பிறந்து நாலு வருஷம் வீட்டில் இருந்த பிறகு கைக்கு வந்த முதல் வேலை அது. விட்டுக்கொடுத்தால் மதிப்புப் போய்விடுமோ என்ற பயத்துக்கு நான் வைத்த பெயர்தான் பிடிவாதம். சனிக்கிழமை பூம்பாறைப் பூண்டு விவசாயிகள் வருவதாக இருந்தது. யாரும் சொல்லித்தராமல் தாங்களே தேட முடிந்தால்தான் விளைச்சல் விவரம் தருவார்கள். முடியாவிட்டால் வேலையை பெங்களூர் ஆட்களிடம் கொடுத்துவிடுவேன் என்று கம்பெனிக்காரர் நாசூக்காகச் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை ஒத்திகை பார்க்க, பூண்டு தரம் பிரிக்கும் கொட்டகையின் மேஸ்திரியம்மாவைப் பூம்பாறையிலிருந்து வரச் சொன்னோம். ஐம்பது வயது இருக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். சாக்குகளின் மேல் ஊரும் ரகமும் எழுதுவது அவர்தான், அச்சடித்த மாதிரி எழுத்து. அப்படிப்பட்டவர் கட்டத்தைப் பார்த்தபடி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேண்டியதை எழுதுங்க என்றேன். என்ன எழுதணும்னு அதில் போடலையே என்றார். மறுபடியும் சொன்னேன். அசையவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு வார்த்தை எழுத இவ்வளவு யோசனையா என்று கேட்டுவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அவர் கோபப்படவில்லை. இந்தியாவுக்கு வர மனுப் போட்டபோது நடந்ததைச் சொன்னார். மனுத்தாளின் ஒரு கட்டத்தில் என்ன கேட்கிறார்கள் என்று புரியாமல் அவருடைய அப்பா ஏதோ எழுதிவிட்டாராம். தப்பு என்று தெரிந்தபோது காகிதம் மேலே போய்விட்டது. இவர்களோடு அக்கா பெயர் சேரவில்லை. எல்லாரும் கப்பலேற, அக்கா மட்டும் அங்கேயே நின்றுவிட்டார்.

"தப்பா எழுதிட்டா இத யாரும்மா அழிப்பா?" என்றார்.

கீபோர்டின் மூலையில் அழிக்கும் விசை இருந்தது. அது எனக்குத் தெரியும், அவருக்கு யார் சொன்னார்கள்? நான் வரைந்த பக்கத்தில் அழிக்க வழி ஒன்றுமே இல்லை.

அடுத்த இரண்டு நாளும் என் வீம்பை நானே பிரித்துப்போட்டேன். கட்டத்துக்குள் 'பூம்பாறை, பூண்டு' என்று மாதிரிக்கு மங்கலாக எழுதி வைத்தேன். கீழே ஊர்களையும் பயிர்களையும் வரிசையாகப் போட்டேன், எதை அழுத்தினாலும் அது கட்டத்துக்குள் போகும். கட்டத்தின் பக்கத்திலேயே சாக்கு நிறத்தில் பெரிதாக ஒரு பொத்தான், 'அழி' என்று. இவ்வளவு பெரிதாகவா என்றார் கம்பெனிக்காரர். இருக்கட்டும் என்றேன்.

சனிக்கிழமை வந்த நாலு விவசாயிகளும் தாங்கள் உட்காராமல் கூட வந்த மேஸ்திரியம்மாவை நாற்காலிக்குத் தள்ளிவிட்டார்கள்.

"நீங்க பாத்துச் சொன்னா சரிங்க. வெரசா பாருங்க, பஸ்ஸு போயிரும்" என்றார் ஒருவர்.

மேஸ்திரியம்மா மவுசைப் பிடித்தார். ஊர் வரிசையில் கை ஒரு வரி தவறி, தாண்டிக்குடியை அழுத்திவிட்டது. திரை முழுக்கக் காப்பித் தோட்டங்கள். அங்கிட்டு எங்க நம்ம பூண்டு கெடக்கு என்று யாரோ கேலி செய்தார்கள். மேஸ்திரியம்மா சுட்டது போலக் கையை எடுத்துக்கொண்டார். எழுந்து காட்டிவிடலாம் என்று துடித்தேன், ஆனால் யாரும் சொல்லித்தரக் கூடாது என்பதுதானே பேச்சு. கம்பெனிக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கை மெல்லத் திரும்பி வந்தது. அம்புக்குறி 'அழி' மேல் போய் நின்றது. அழுத்தினார். தாண்டிக்குடி போய்விட்டது, கட்டத்தில் பழையபடி அந்த மங்கலான மாதிரி மட்டும் இருந்தது. அவர் எங்கள் எல்லாரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகாதுங்க" என்றேன்.

பிறகு அவரே பூம்பாறையைத் தேடிப் பிடித்தார், பூண்டை அழுத்தினார், வந்த வரிகளைச் சத்தமாக வாசித்தார். விவரம் தருகிறோம் என்று விவசாயிகள் அங்கேயே சொல்லிவிட்டார்கள். அப்பாடா என்று நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மற்றவர்கள் படியில் நின்று கூப்பிட்டார்கள். மேஸ்திரியம்மா வேண்டுமென்றே இன்னொரு தப்பான ஊரை அழுத்தி, அதையும் அழித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.