ஏறி இறங்கும் மேசை

வலது கையை உதறிவிட்டுத்தான் றஜிதா தட்டச்சைத் தொடங்குவாள். ஈரக் கையை உதறுவது போல இருக்கும். கையில் ஈரம் இருக்காது.

மல்வேர்னில் எங்கள் டவுன்ஹவுஸ் வரிசையில்தான் இருக்கிறாள். காப்புறுதி நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே விபத்து விபரங்களைக் கணினியில் ஏற்றுகிற வேலை. கணினி நிற்பது உடுப்பு மினுக்கும் அயன் போர்டில். அவள் இருப்பது சாப்பாட்டு மேசைக் கதிரையில், தலையணை போட்டு. போர்டின் விளிம்பு அழுத்தி அழுத்தி மணிக்கட்டில் ஒரு சிவந்த கோடு.

"வேலையால மேசை தரேல்லையோ?" என்று கேட்டேன்.

"தந்தவைதானே அக்கா. உங்கை பாருங்கோ."

பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பொத்தானை அழுத்தினால் ஏறி இறங்கும் அருமையான மேசை. அதன்மேல் பிள்ளையார், முருகன், லட்சுமி, குத்துவிளக்கு.

புதிதாக எது வந்தாலும் முதலில் சாமிக்கு முன் வைத்துவிட்டுத்தான் எடுப்பாள். இந்த மேசையைத் தூக்கிச் சமையலறை அலுமாரிச் சாமியிடம் கொண்டுபோக முடியவில்லை. சாமியை மேசைக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஒருநாளைக்கு என்றுதான்.

"வந்து இருந்தவையை எழும்புங்கோ எண்டு எப்பிடியக்கா சொல்லுறது?"

நின்று கும்பிட உயர்த்துவாள்; இருந்து தேவாரம் படிக்க இறக்குவாள். கணினித் திரை கண்மட்டத்தில் இருக்கவேண்டும் என்று அலுவலகத்து ஸ்டெபனி வீடியோவில் சொல்லிக்கொடுத்திருந்தாள். முருகனின் முகம் சரியாகக் கண்மட்டத்தில் இருந்தது.

"ஸ்டெபனி உதைக் காணேல்லையோ?"

"மேசையின்ர காலை மட்டும் காட்டினனான். ஏத்தி இறக்கி. வெரி குட் எண்டவ."

சோபாவிலிருந்து கணவன் பிரவீனன் சொன்னான்: "சாமிக்கு நாரி, முதுகு நோகப்படாதுதானே."

"நீங்கள் சும்மா இருங்கோ. அயன் போர்டும் ஏறி இறங்கும்."

மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது, இப்படியே விட்டால் ஒப்பரேஷன் செய்தாலும் விரல் பழையபடி வருமோ தெரியாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். விரல் போனால் வேலையும் போகும். "வெருட்டுகினம்" என்று சிரித்தாள்.

பொழுதுபட விளக்கேற்ற வந்தாள். திரி பற்றிய பிறகும் நெருப்புக்குச்சி வலது கையிலேயே இருந்தது. மகளின் நீச்சல் வகுப்பைப் பற்றி என்னிடம் சொல்லிக்கொண்டு நின்றாள். சுவாலை குச்சியில் இறங்கி விரலைத் தொட்டது. தோல் பொசுங்கும் மணம் எனக்கு வந்தது. அவள் கதைத்துக்கொண்டே இருந்தாள்.

நான் பாய்ந்து கையைத் தட்டிவிட்டேன்.

"என்னக்கா?"

பிறகுதான் குனிந்து பார்த்தாள். பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் தோல் வெளிறி, ஓரம் கருகியிருந்தது. இழுத்துக்கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரில் பிடித்தேன். மற்றக் கையால் அந்த விரல்களை அமத்தினாள். விட்டாள். திரும்பவும் அமத்தினாள்.

"சுடேல்லை" என்றாள், மெதுவாக. பிரவீனன் சோபாவிலிருந்து எழும்பி வந்தான்.

திரும்பி வந்து, விளக்கைப் பூவால் அணைத்தாள். பிறகு இடது கையாலேயே பிள்ளையாரைத் தூக்கிக் கணவனிடம் நீட்டினாள்.