லாபி டீவியில் பதினாறு கட்டம்

மும்பை செம்பூரில் அந்த அடுக்குமாடி சொசைட்டிக்குக் கேமரா மாட்டியவன் நான். தாராவியிலிருந்து போய்ச் செய்து கொடுத்த வேலை. பதினாறு கேமராவும் ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஓடின. லாபியில் பெரிய டீவி வைத்து, கட்டம் கட்டமாக எல்லா இடமும் தெரியும்படி செய்திருந்தோம். செக்ரட்டரிக்கு அதில் அப்படியொரு பெருமை.

கம்ப்யூட்டருக்குத்தான் மூச்சு முட்டியது. அடிக்கடி உறைந்து நின்றது. போய்ப் பார்த்தேன். உள்ளங்கை அளவுக் கட்டத்துக்குக்கூட அது முழுப் படத்தையும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கேமராவும் சின்னப் படம் ஒன்றையும் சேர்த்தே அனுப்பும். டீவிக்கு அதைக் கொடுத்துவிட்டு, பெரிய படத்தைப் பதிவுக்கு மட்டும் வைத்தால் சுமை இறங்கிவிடும். பைசா செலவில்லை. மாற்றியும் காட்டினேன்.

செக்ரட்டரி ரிட்டயரான ஆபீசர், நம் தமிழ் ஆள்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கொஞ்சம் மங்கலா இருக்கேப்பா. எச்.டி.ன்னு சொல்லித்தானே வாங்கினோம்? வர்றவா என்ன நினைப்பா?"

"சார், பதிவு பழையபடி பளிச்சுன்னுதான் இருக்கும்."

"பதிவை யாரு பாக்கறா? டீவி முன்னமாதிரியே இருக்கட்டும். வேணும்னா பின்கேட் ரெக்கார்டிங்கை நிறுத்திடு. வேலைக்காரிகள் வந்து போற வழிதானே."

"அதுதான் சார் முக்கியம்" என்றேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறை. மனுஷன் அசையவில்லை. பின்கேட் டீவியில் மட்டும் தெரிந்தது, பதிவு நின்றது.

வீட்டு வேலை செய்யும் பெண்கள் திரும்பிப் போகும்போது அந்தக் கேட்டில்தான் பையைத் திறந்து வாட்ச்மேனிடம் காட்ட வேண்டும். அண்ணன் மனைவியான என் மைனியும் அங்கே ஒரு வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்தார். மழைக்காலத்தில் அந்த வீட்டில் வளையல் ஒன்று காணாமல் போனது. பழி மைனி மேல் விழுந்தது.

"அன்னிக்கு அவ வெளியே போனதைப் போட்டுக் காட்டு" என்று செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டார்.

"எங்க சார் இருக்கு? நீங்கதானே நிறுத்தச் சொன்னீங்க."

"அப்போ அவ எடுக்கலைங்கறதுக்கு ஆதாரம் இல்லைன்னு ஆறது."

இதெல்லாம் ஒரு நியாயமா! வாட்ச்மேன், தன் வேலை போய்விடும் என்று வாயே திறக்கவில்லை. மைனியை அன்றே நிறுத்திவிட்டார்கள். திருட்டுப் பேர் வந்தபின் அந்தப் பக்கம் எந்த வீட்டிலும் சேர்க்கமாட்டார்கள்.

லாபி வழியாகவே அழைத்து வந்தேன். சோபாவில் நாலைந்து பேர் உட்கார்ந்து டீவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைனி நின்றுவிட்டார். குரலைக் குறைக்காமல் என்னிடம் கேட்டார்:

"ஏன் தம்பி, நான் தெனமும் பையைத் தொறந்து காட்டுதது இந்த டீவியில பளிச்சுன்னு தெரிஞ்சிருக்கும்லா? இத்தன பேரு பாத்திருக்காவ. ஒருத்தருக்குக்கூடவா ஞாபகம் இல்ல?"