ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு சோடி மாலை

பிரிக்பீல்ட்ஸில் ஞானசம்பந்தம் பூக்கடைக்குப் பத்தொன்பது வருஷமாக வேன் ஓட்டுகிறவள் உஷாராணி. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. ரோட்டுப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் நின்று பார்த்ததில்லை. சாலாக் செலாத்தானில் சீனர் கோயிலின் சிவப்பு வாசல், அம்பாங்கில் டயர் கடை, கிள்ளானில் கோழி வெட்டுகிற இடத்து நாற்றம், அவளுக்கு வழி என்றால் இவ்வளவுதான். எந்த மண்டபத்துக்குப் பின்வாசல் எங்கே, மாலை பிந்தினால் எந்த ஐயர் முணுமுணுப்பார், எல்லாம் தலைக்குள் இருந்தது. இருந்ததோடு விட்டாளா? மாலை கட்டும் மேசையைச் சுற்றி உட்கார்ந்த பெண்களுக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டும் இருந்தாள். கடை ரேடியோ நின்றாலும் நிற்கும், உஷா வாய் நிற்காது.

அந்த மேசையில் ஒரு வருஷம் வாயைத் திறக்காமல் மாலை கட்டியவள் லோகேஸ்வரி. தொழிற்சாலை மூடியதும் வேலை தேடி வந்தவள். கடைக்கு ரெண்டாவது வேன் வந்தபோது முதலாளி சாவியை அவள் கையில் கொடுத்தார். உஷாராணிக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. வயிறு எரிய ஆரம்பித்தது ஒரு போனால்தான்.

ஒருநாள் ஷா ஆலாம் பக்கம் லைன் செத்துப்போய், முதலாளியின் விலை உயர்ந்த போனில் மேப் சுற்றிக்கொண்டே நின்றது. லோகேஸ்வரியின் கீறல் விழுந்த பழைய போன் மட்டும் வழி சொன்னது. தம்பி வீட்டு வைஃபையில் ஊர் முழுவதையும் முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தாளாம். லைன் வேண்டாம், காசு வேண்டாம், உள்ளேயிருந்து ஒரு பொம்பளைக் குரல் "வலது பக்கம், இடது பக்கம்" என்று பேசும். முதலாளி இதைப் பூ வாங்க வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்.

"எனக்கும்தான் லைன் வேணாம், பத்தொன்பது வருஷமா" என்றாள் உஷாராணி.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. மேசைப் பெண்கள் அந்தப் போனையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருந்தது. பொண்ணு மாப்பிள்ளை சோடி மாலையை எப்போதும் உஷாராணிதான் கொண்டுபோவாள். பெண்ணின் தாயார் வாசலுக்கு வந்து தட்டில் வாங்கி, மாலை கொண்டுவந்த கைக்குச் சந்தனம் பூசி, வெற்றிலை பாக்கு கொடுப்பார். தன் கழுத்தில் கல்யாண மாலை விழாதவளுக்கு அந்தச் சந்தனம் சின்ன விஷயமா? நீங்களே சொல்லுங்கள்.

ஒரு சனிக்கிழமை முதலாளி ஒரு கல்யாணக் கார்டை எடுத்துப் படித்தார். "நாளைக்குக் கிள்ளான், மேரு ரோடு மூணாங்கட்டை, காளியம்மன் கோயில் மண்டபம். லோகேஸ், நீ போ. உஷா, உனக்கு அம்பாங் காதுகுத்து."

லோகேஸ்வரி போனில் தட்டினாள். "இதோ காட்டுது முதலாளி" என்று நீட்டினாள்.

உஷாராணியும் எட்டிப் பார்த்தாள். மேப்பில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிக் கொடி நட்டிருந்தது. பழைய இடம், மூணாவது மைல் கல் பக்கம். ரோட்டை அகலப்படுத்தியபோதே அந்தக் கோயிலை மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கட்டியாகிவிட்டது. ஆனால் நம் ஆட்கள் பேரை விடுவார்களா? இன்றைக்கும் அது மூணாங்கட்டைக் கோயில்தான், கல்யாணக் கார்டிலும் அப்படியேதான் அடிப்பார்கள். உஷாராணி வாயைத் திறந்தாள். முதலாளி அந்தப் போனைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்குச் சாயங்காலம் வரை ஒரு பேச்சில்லை.

ஞாயிறு விடியலில் ஒருத்தருக்கும் தெரியாமல் இன்னொரு சோடி மாலை கட்டி வேனில் வைத்தாள். அம்பாங்கில் பூவை இறக்கிவிட்டு நேராகப் பெடரல் ஹைவே. வழி முழுக்க மனசுக்குள் ஒரே காட்சி. லோகேஸ்வரி ரயில் தண்டவாளத்துப் பக்கம் வெறும் சாக்கடையைப் பார்த்து நிற்கிறாள், போன் பொம்பளை வந்து சேர்ந்தாச்சு என்கிறாள். இங்கே மண்டபத்தில் பெண்ணின் தாயார் கையைப் பிசைகிறார். அந்த நேரம் பார்த்து உஷாராணி மாலையோடு உள்ளே நுழைகிறாள். முதலாளிக்குப் போன் போகிறது. அவளைக் கெட்டவள் என்று சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த முக்கால் மணி நேரம் அவளுக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

ஐஸ் தொழிற்சாலையைத் தாண்டித் திரும்பினால், மண்டபத்துப் பின்வாசலில் ரெண்டாவது வேன் நின்றது. பக்கத்தில் லோகேஸ்வரி கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கையில் சந்தனம், மடியில் வெற்றிலை.

"அக்கா, அம்பாங் அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு. நீ எப்படி வந்தே?"

"மேப் பார்த்துதான் லா."

"பொய் சொல்லாதே. அதுல பழைய இடம்தான் இருந்துச்சு. நான்தான் பார்த்தேனே."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

லோகேஸ்வரி கேசரியைக் கீழே வைத்தாள். "பார்த்தீங்க. பார்த்துட்டு சும்மா இருந்தீங்க. மூணாங்கட்டைன்னு யாராச்சும் சொன்னா நீங்க ரோடு போட்ட கதையிலேர்ந்து ஆரம்பிப்பீங்க. நேத்து ஒரு வார்த்தை இல்ல. ராத்திரி மேப்பை முழுக்கத் துழாவினேன், அக்கா. அப்புறம்தான் நட்சத்திரத்தைப் பார்த்தேன்."

"என்ன நட்சத்திரம்?"

போனைக் காட்டினாள். படம் முழுக்க மஞ்சள் மஞ்சளாகச் சிதறிக் கிடந்தது. ஒன்றைத் தொட்டதும் எழுத்து வந்தது. உஷாராணி கூட்டிக் கூட்டிப் படித்தாள். 'உஷாக்கா: மூணாங்கட்டைக் கோயில் மாறிடுச்சு. ஐஸ் பேக்டரி பின்னாடி, பச்சை கேட்.'

"மேசையில நீங்க சொன்னதையெல்லாம் போட்டு வச்சேன். இதுல நாமளே குறிச்சிக்கலாம்."

உஷாராணிக்கு முகம் சுட்டது. ஒரு வருஷமாகத் தன் தலையை ஒருத்தி பைக்குள் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறாள். அள்ளிக் கொடுத்ததும் தன் வாய்தான். யார்மேல் கோபப்படுவது?

"வேன்ல என்ன அக்கா பெட்டி?"

"வேண்டுதல் மாலை."

"கல்யாணச் சோடி மாதிரி இருக்கே."

"அம்மனுக்கு ஒண்ணு. வாசல்ல முனியாண்டிக்கு ஒண்ணு."

லோகேஸ்வரி உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். உஷாராணி பெட்டியைத் தூக்கிப்போய்ப் பூசாரியிடம் கொடுத்தாள். அரிவாளோடு நின்ற முனியாண்டி மாப்பிள்ளை மாலையில் அன்று ஜோராக இருந்தார்.

திரும்பி வரும்போது உள்ளே மாலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நாதஸ்வரம் வேகம் பிடித்தது. கதவிடுக்கு வழியாகப் பெண்ணின் கழுத்து தெரிந்தது. வேறொருத்தி கொண்டுவந்த மாலை. உஷாராணி ரொம்ப நேரம் பார்க்காமல் லோகேஸ்வரி பக்கம் வந்தாள்.

"எத்தனை நட்சத்திரம் இருக்கு?"

"எழுபத்து மூணு."

"எல்லாத்துலயும் என் பேரா?"

"ஆமாக்கா."

"காட்டு." ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் விரலை வைத்தாள். "இது தப்பு. முன்வாசல்ல போனா செக்யூரிட்டி விடமாட்டான். இன்னும் இந்தப் பக்கம் தள்ளு."

லோகேஸ்வரி தள்ளினாள்.

"அடுத்த ஞாயிறு கல்யாண மாலை நான்தான் கொண்டுபோவேன். முதலாளிகிட்ட நீயே சொல்லிடு."

"சொல்றேன் அக்கா."

"அந்தப் போன் பொம்பளையை என் வேன்ல ஏத்த மாட்டேன். அதையும் சொல்லு." சாவியை எடுத்துக்கொண்டு ரெண்டடி நடந்தவள் நின்றாள். "என் பேரு போட்டது ஒண்ணையும் அழிச்சிடாதே."