பூச்சாடி வைத்த மெஷின்

ஒரே நாளில் இரண்டு தாள்கள் தபால்பெட்டிக்குள் கிடந்தன. ஒன்று, நாங்கள் இருக்கும் கட்டடத்தைத் திருத்தப்போகிறார்கள் என்று. இனி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தனித்தனி மெஷின் வருமாம், நிலத்தடிக் கெல்லரில் இருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறையை மூடிவிடுவார்களாம். மற்றது, ஒரு சனிக்கிழமை பின்னேரம் இந்தப் பகுதியின் பழைய நாட்களைப் பற்றிக் கதைக்க எல்லோரும் மண்டபத்துக்கு வரலாம் என்று. பழைய சாமான் இருந்தால் கொண்டுவரலாம், கோப்பியும் கேக்கும் உண்டு. இரண்டையும் என் கணவர்தான் வாசித்துச் சொன்னார். எனக்கு ஜெர்மன் எழுத்து இன்றைக்கும் பிடிபடவில்லை. தமிழே ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. இதைக்கூட ஒரு கொப்பியில், நாளுக்கு அரைப் பக்கம் என்று, ஆறுதலாகத்தான் எழுதுகிறேன். அவசரமில்லை.

"பழைய ஆக்கள் வந்து கதைக்கட்டாம்," என்றார்.

"நான் போறன்."

"நீ எங்கை பழைய ஆள்?"

"இந்தக் கட்டடத்திலை என்னை விடப் பழசு ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம்."

மேல்மாடியில் தொடங்கி வீடு வீடாக விரல் மடக்கிப் பார்த்தார். கீழ்வீடு வரை வந்தும் ஒருவரும் அகப்படவில்லை.

"லிஃப்ட்," என்றார்.

அந்தக் கிழமை முழுக்க எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. சொல்ல எவ்வளவு இருக்கிறது. நாங்கள் வந்த காலத்தில் பேர்ணில் ட்ராம் பச்சை நிறம். இப்போது சிவப்பு. பச்சை ட்ராம் வளைவில் திரும்பும்போது போடும் சத்தத்தை நான் இப்போதும் வாயால் செய்து காட்டுவேன். மத்தியானம் பன்னிரண்டு அடித்தால் கடைக்காரர் எல்லோரும் கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார்கள். தெருவில் புறாவும் நானும்தான் நிற்போம். ஸ்டேஷனில் டெலிபோன் பெட்டிகளுக்கு முன்னால் எங்கள் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். உள்ளே நிற்பவர் கொழும்புக்குக் கத்திக் கதைப்பதில் வெளியே நிற்கும் எல்லோருக்கும் அவருடைய வீட்டுச் செய்தி தெரிந்துவிடும். கார்த்திகை மாதத்து வெங்காயச் சந்தையில் சடை பின்னுவதுபோலப் பின்னிய வெங்காயத்தைக் கண்டு, ஆகா என்று நான்கு பின்னல் வாங்கி வந்தேன். இங்கே உள்ளவர்கள் அதைச் சுவரில் அழகுக்குத் தொங்கவிடுகிறவர்கள். நான் பத்து நாளில் நான்கையும் கறியும் சம்பலுமாக்கி முடித்தேன். என் கணவர் ஒரு பின்னலின் வெறும் கயிற்றை ஆணியில் மாட்டிவிட்டு, "இப்ப எங்கட வீடும் சுவிஸ் வீடு" என்றார்.

ஆனால் மண்டபத்தில் இவை ஒன்றையும் சொல்வதாக நான் நினைக்கவில்லை. தோய்க்கும் அறையின் கதையைத்தான் சொல்ல நினைத்தேன். அது என்னுடைய கதை. என் வாயால் வரவேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

அந்த நாளில் தோய்ப்பதற்கு வீட்டுக்கு ஒரு முறைநாள் உண்டு. எங்களுக்குப் பதினான்கு நாளைக்கு ஒரு செவ்வாய். கெல்லர்க் கதவில் ஒட்டிய அட்டவணையை எனக்கு வாசிக்கத் தெரியாது. மேலிருந்து நான்காவது வரி எங்களுடையது என்று மனதில் வைத்துக்கொண்டேன். முந்தின நாள் தோய்த்தவர் மாலையில் அறையின் பூட்டுத் திறப்பைக் கொண்டுவந்து கையில் தருவார். மரக்கட்டை கோத்த பெரிய திறப்பு. அது கைக்கு வந்தால் எனக்கு ஒரு ராஜாங்கமே கைக்கு வந்த மாதிரி.

முதல் செவ்வாய் உடுப்பு மூட்டையோடு இறங்கிப்போனேன். அறையின் ஒரு பக்கம் சீமெந்துத் தொட்டி. மற்றப் பக்கம் ஒரு மெஷின். அதன்மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. ஓரமெல்லாம் நீலப் பூ வேலை. துணிக்கு மேல் ஒரு பூச்சாடி, அதில் சிவப்புப் பூ. எனக்கு மெஷின் என்றால் என்னவென்று தெரியாமல் இல்லை. கொழும்பில் ஒரு வீட்டில் கண்டிருக்கிறேன். ஆனால் துணி விரித்து, பூ வைத்து, ஒருவர் இவ்வளவு வடிவாக வைத்திருக்கும் சாமானில் கேட்காமல் கை வைக்க எங்களைப் பழக்கவில்லை. இது கட்டடத்தைப் பார்க்கிற அப்வார்ட்டின் வீட்டுச் சொந்த மெஷின், எங்களுக்குத் தொட்டி என்று முடிவெடுத்தேன். தொட்டியின் விளிம்பும் கிணற்றடித் தோய்கல் மாதிரியே வாகாக இருந்தது. சவர்க்காரத்தைப் போட்டு, கும்மி, அடித்துத் தோய்த்தேன். என் கணவர் அப்போது ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. அவருடைய வெள்ளை மேற்சட்டைகள் கொடியில் காயும்போது கண் கூசும்.

இப்படி நான்கு முறை. நான்காம் செவ்வாய் படியில் தடதடவென்று சத்தம். அப்வார்ட்டின் மனைவி வந்தார். உயரமான மனுசி. கட்டடத்தில் எல்லோருக்கும் அவரிடம் பயம். தோய்த்து முடிந்த அறையின் நிலத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடந்தாலும் திரும்பக் கூப்பிடுவார். யாரோ சுவரை உடைக்கிறார்கள் என்று நினைத்துத்தான் ஓடிவந்தாராம். நான் கையில் ஒரு சட்டையை ஓங்கியபடி நிற்கிறேன். அவர் என்னைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். பூச்சாடி இருந்த இடத்தில் இருந்தது. பூச்சாடியை எடுத்து யன்னலில் வைத்தார். துணியை மடித்தார். மெஷினின் வாயைத் திறந்து, விரலால் என்னைக் காட்டி, மெஷினைக் காட்டினார். மெஷின் எல்லோருக்கும் பொது, துணியும் பூவும் அவர் வடிவுக்கு வைத்தவை.

எனக்கு முகம் முழுக்க நெருப்பு. அவர் சிரித்திருந்தால் நான் பிறகு அந்த அறைப்பக்கமே போயிருக்கமாட்டேன். அவர் சிரிக்கவில்லை. தோய்த்து வைத்திருந்த சட்டை ஒன்றை எடுத்து, கழுத்துப்பட்டியை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கழுத்துப்பட்டியைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார். எப்படி என்று கேட்கிறார்.

அடுத்த முறை நான் இறங்கும்போது அவர் எனக்கு முன்னே நின்றார், கையில் ஒரு மேசைவிரிப்போடு. கறுத்த பழச்சாறு ஊற்றுப்பட்ட கறை. மெஷினில் மூன்று தரம் போட்டும் போகவில்லையாம், கையால் காட்டினார். நான் மேலே ஓடிப்போய்த் தேசிக்காயும் உப்பும் கொண்டுவந்தேன். தேய்த்து, வெயிலில் புல்லின்மேல் விரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து, பின்னேரம் பார்த்தால் கறை இருந்த இடம் தெரியவில்லை. அன்றிலிருந்து எங்கள் செவ்வாய் இரண்டு பேருடைய செவ்வாய். அவர் எனக்கு மெஷினின் பித்தான்களைக் காட்டினார். நான் அவருக்குக் கறையின் குணத்தைக் காட்டினேன். நான் கதைக்கும் ஜெர்மன் எல்லாம் அந்தத் தொட்டியடியில் பொறுக்கியது. அதனால் இன்றைக்கும் கறைக்கு எனக்கு ஏழெட்டுச் சொல் தெரியும். வங்கியில் ஒரு சொல்லும் வராது.

வயது போய் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது அந்த அம்மா மெஷினில் விரித்திருந்த நீலப் பூத்துணியை மடித்து என் கையில் வைத்தார். "இது உன்ரை" என்றார். அங்கே இரண்டு வருடம் இருந்து காலமானார். அந்தத் துணியைத்தான் பைக்குள் வைத்துக்கொண்டு சனிக்கிழமை மண்டபத்துக்குப் போனேன்.

மண்டபம் நிறைந்த சனம். சிலர் பழைய படங்கள் கொண்டுவந்திருந்தார்கள். ஒருவர் பச்சை ட்ராமின் மணியையே கொண்டுவந்து அடித்துக் காட்டினார். எனக்கு எழும்பி நின்று கைதட்டவேண்டும் போலிருந்தது. அவர்கள் ஜெர்மனில் சொன்னதை நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் காதில் விழுந்தது.

எனக்கு முன் மைக்கைப் பிடித்தவர் அப்வார்ட்டின் மகள். அந்த நாளில் கலியாணம் கட்டி வேறு ஊரில் இருந்தவர். இப்போது அவருக்கும் தலை நரைத்துவிட்டது. நல்ல மனுசி. தாயைப் பற்றிச் சொன்னார், பூச்செடிகளைப் பற்றிச் சொன்னார். பிறகு சொன்னார்:

"எங்கட கட்டடத்துக்கு முதல் முதல் வந்த தமிழ்ப் பெம்பிளைக்கு வாஷிங் மெஷின் எண்டால் என்னெண்டே தெரியாது. பக்கத்திலை மெஷின் நிக்க, சீமெந்திலை உடுப்பை அடிச்சுக்கொண்டு நிண்டவவாம். பாவம். எங்கட அம்மாதான் எல்லாம் பழக்கினவ."

சனம் சிரித்தது. கெட்ட சிரிப்பில்லை. ஆனாலும் சிரிப்பு. நான் கொண்டுவந்த கதை என் கண்ணுக்கு முன்னால் வேறு கதையாகப் போய்க்கொண்டிருந்தது. இப்படியே விட்டால் இனி இந்த ஊரில் அது இப்படித்தான் இருக்கும்.

"விடு," என்றார் என் கணவர். "அவ நல்ல மாதிரித்தானே சொல்லுறா."

"நல்ல மாதிரிச் சொல்லுறா. பிழையாச் சொல்லுறா."

"உனக்கு ஜெர்மன் வராதடி. நான் போய்ச் சொல்லட்டோ?"

"நீங்கள் அண்டைக்குக் கெல்லருக்கு வந்தனீங்களோ? இருங்கோ கதிரையிலை."

போனேன். மைக் கையில் வழுக்கியது. "என்ரை ஜெர்மன் உடைஞ்ச ஜெர்மன்," என்றேன். "பொறுத்துக் கேளுங்கோ. அந்தத் தமிழ்ப் பெம்பிளை நான்தான்."

அப்வார்ட்டின் மகளுக்கு முகம் சிவந்துபோனது. எனக்கு அவரில் கோபமில்லை. அதனால் அவரைப் பார்த்தே சொன்னேன்.

"மெஷினை எனக்குத் தெரியும். ஆனால் அதுக்கு மேலை துணி இருந்தது. துணிக்கு மேலை பூ இருந்தது. உங்கட வீட்டுக்கு வந்த ஆள், நீங்கள் பூ வைச்சிருக்கிற மேசையைக் கேக்காமல் இழுத்தால் என்ன சொல்லுவியள்? நான் மரியாதைக்குத் தொடாமல் விட்டனான். தெரியாமல் இல்லை."

ஒரு கிழவர் பின்னாலிருந்து, "சரியான கதை" என்றார். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. சட்டைக் கழுத்துப்பட்டியைச் சொன்னேன், பழச்சாற்றுக் கறையைச் சொன்னேன், தேசிக்காயைச் சொன்னேன். ஜெர்மனில் சொல் வராத இடத்தில் கையால் தேய்த்துக் காட்டினேன். சனம் திரும்பச் சிரித்தது. இந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. கடைசியில் பைக்குள் இருந்த துணியை எடுத்து உதறி விரித்தேன்.

அப்வார்ட்டின் மகள் எழுந்து வந்தார். துணியின் ஒரு மூலையைத் தேடிப் பிடித்தார். மற்றப் பூக்களுக்கெல்லாம் ஐந்து இதழ், அந்த மூலைப் பூவுக்கு ஆறு.

"அம்மா இதைப் பிழையாத் தைச்சிட்டு, பிரிக்கமாட்டன் எண்டு நிண்டவ," என்றார். "அவ போன பிறகு இதை எத்தினை நாள் தேடினனாங்கள்."

"எனக்குத் தந்தவ."

"ஏன் தந்தவ எண்டு இப்ப விளங்குது." மைக்கை என்னிடமிருந்து வாங்கினார். சனத்தைப் பார்த்து, "எனக்கு அம்மா பாதிக் கதைதான் சொன்னவ. நான் சொன்னதை மறந்துவிடுங்கோ. இவ சொன்னதுதான் சரி," என்றார். தாய் மாதிரியே நேர் மனுசி.

நான் கதிரைக்குத் திரும்பிவர என் கணவர் எனக்கு ஒரு துண்டுக் கேக் எடுத்து வைத்திருந்தார். "உடைஞ்ச ஜெர்மனிலை இவ்வளவு எண்டால், உடையாத ஜெர்மன் இருந்திருந்தால் மண்டபமே உடைஞ்சிருக்கும்," என்றார். நான் கேக்கைச் சாப்பிட்டேன். நல்ல கேக்.

அறையை மூடும் நாளும் ஒரு செவ்வாய்க்கிழமையாகவே வந்து வாய்த்தது. அப்வார்ட்டின் மகளைக் கூப்பிட்டேன். அவர் கையில் ஒரு பூச்சாடியோடு வந்தார், அதே சாதிச் சிவப்புப் பூ. மரியாதையாக அனுப்பிவைப்போம் என்று மெஷினைத் துடைத்து, நீலப் பூத்துணியை விரித்து, ஆறிதழ்ப் பூ முன்னுக்குத் தெரிய வைத்து, சாடியை நடுவில் வைத்தோம். தொட்டி விளிம்பில் இருந்து, போத்தலில் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்தோம்.

மெஷினைக் கழற்றிக்கொண்டு போக இரண்டு வேலையாட்கள் வந்தார்கள். பெரிய பெரிய கைகள், பெரிய சப்பாத்துகள். உள்ளே வந்து மெஷினைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருவர் மற்றவரைப் பார்த்தார். மற்றவர் கையில் இருந்த தாளைப் பார்த்தார். இருவரும் துணியில் விரல் நுனிகூட வைக்கவில்லை.

மூத்தவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"மன்னிக்கோணும்," என்றார். "இது ஆரும் வீட்டுக்காரரின்ரை சொந்த மெஷினோ? நாங்கள் இதைத் தொடலாமோ?"

அப்வார்ட்டின் மகள் என் கையைப் பிடித்தார். எங்கள் இருவருக்கும் சிரிப்பில் வாய் திறந்து பதில் சொல்லக் கன நேரம் எடுத்தது. அந்த மனிதரும் தொப்பியைக் கையில் பிடித்தபடி பொறுமையாக நின்றார்.